கொய்யா இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்: தயாரிப்பும் சரிபார்ப்பும்

வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஏதாவது ஓர் இலைச்சாற்றை ஊற்றினால் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். இந்தச் செய்முறையில் அது எளிய பகுதி. அந்தப் பழுப்பு வெள்ளி நானோ துகளால் (நானோமீட்டர் கணக்கில் அளக்கும் மிகச் சிறு துகள்) வந்ததா, வெள்ளி ஆக்சைடால் வந்ததா, சாறே காற்றுபட்டுக் கறுத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடிவதும், அடுத்த மாதம் அதே துகளை மீண்டும் செய்ய முடிவதும்தான் கடினம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டில்தான். அதனால் இங்கே அளவுகளோடு ஒவ்வொரு கட்டத்தின் சோதனையையும் சேர்த்தே சொல்கிறோம். கல்லூரி ஆய்வகத்தில், மேற்பார்வையோடு செய்ய வேண்டியது இது. வீட்டு அடுப்பில் வேண்டாம்.

வழக்கமான முறையில் வெள்ளி அயனியை ஒடுக்க சோடியம் போரோஹைட்ரைடோ ஹைட்ரசீனோ தேவை. உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தனியாக ஒரு பாலிமரும் தேவை. இலைச்சாறு இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்துவிடுகிறது. சாற்றிலுள்ள பாலிபீனால் என்ற சேர்மங்களின் ஹைட்ராக்சில் தொகுதிகள் எலக்ட்ரானைக் கொடுத்து வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கும். தாம் குயினோனாக மாறும். சாற்றிலுள்ள புரதம், சர்க்கரை, ஃபிளாவனாய்டு போன்றவை துகளின் மேல் படிந்து உறையாக நிற்கும். 2003-ல் டெக்சாஸின் எல் பாசோவில் ஹோர்ஹே கார்டியா-டோரஸ்டே குழு ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரின் நாற்றுகளுக்குள் வெள்ளித் துகள்கள் உருவாவதைக் காட்டியது. 2004-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு வேப்பிலைக் கொதிநீரில் வெள்ளி, தங்கத் துகள்களைச் செய்தது. அதற்குப் பின் நம் ஊர்ச் செடிகளில் முயன்று பார்க்காதது குறைவு.

இங்கே கொய்யா இலையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. டானினும் குவர்செட்டின் வகைகளும் நிறைய இருப்பதால் வினை தயங்காமல் நடக்கும். ஆண்டு முழுவதும் இலை கிடைக்கும். வழுவழுப்பு இல்லாததால் சாறு எளிதில் வடியும். கற்றாழை, செம்பருத்தி இலை போன்றவற்றில் வடிதாளே அடைத்துக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். கடற்கரையோரச் செடிகளையும் தவிருங்கள். அவற்றின் சாற்றில் குளோரைடு அதிகம். அது இந்த வேலைக்கு முதல் எதிரி.

நீரும் கண்ணாடியும்

குழாய் நீரின் குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துக்கொண்டு வெள்ளி குளோரைடாக வீழ்படியும். வெண்மையாகக் கலங்கி, வெளிச்சத்தில் ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்குப் போகும். பலர் அந்த நிறமாற்றத்தையே "துகள் வந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். கேனில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சோதனைக் குழாயில் 5 மி.லி. நீர் எடுத்து ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டு, கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். சிறிதளவு பால்போலக் கலங்கினாலும் அந்த நீர் ஆகாது. இருமுறை காய்ச்சி வடித்த நீரோ அயனி நீக்கிய நீரோ வேண்டும்.

குடுவைகளைச் சோப்பால் கழுவி, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, நல்ல நீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசினால் குளோரைடை நாமே கொண்டுவந்து சேர்ப்பதாகும். அமிலத்தில் கழுவிய குடுவையை ஆல்கஹாலால் அலசும் பழக்கம் சிலருக்கு உண்டு. வெள்ளி, நைட்ரிக் அமிலம், ஆல்கஹால் மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம். அதனால் இங்கே அது கூடவே கூடாது. வெள்ளிக் கரைசலோடு அம்மோனியாவைக் கலந்து வைப்பதும் அதே அளவு ஆபத்து.

இலையிலிருந்து சாறு

பச்சை இலை 10 கிராம், நீர் 100 மி.லி. என்றுதான் பெரும்பாலான செய்முறைகள் சொல்லும். அதில் ஒரு குறை இருக்கிறது: மழைக்கால இலையிலும் கோடைக்கால இலையிலும் ஈரம் ஒன்றல்ல, அதனால் சாற்றின் செறிவும் ஒன்றல்ல. உலர்ந்த தூளிலிருந்து தொடங்கினால் அந்த வேறுபாடு பெருமளவு குறையும்.

நுனிக் கொழுந்தும் வேண்டாம், முற்றிப் பழுத்ததும் வேண்டாம். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது ஜோடி இலைகளைப் பறியுங்கள். மருந்து தெளித்த தோட்டமாக இருக்கக்கூடாது. குழாய் நீரில் மண் போகக் கழுவி, நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் உலர்த்தினால் கையால் நொறுங்கும் பதத்துக்கு வரும். அவசரமானால் ஓவனில் 40 டிகிரி செல்சியஸ் போதும். மிக்ஸியில் அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். பறித்த தேதி, இடம், மரத்தின் வகை ஆகியவற்றை டப்பாமீதே எழுதிவிடுங்கள். செடியை அடையாளம் காட்டும் சான்று ஆய்விதழுக்குத் தேவைப்படும். தாவரவியல் துறையில் ஒரு மாதிரியை இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

2 கிராம் தூளை 250 மி.லி. கூம்புக் குடுவையில் 100 மி.லி. நீரோடு சேர்த்து, 70 டிகிரியில் 20 நிமிடம் வாட்டர் பாத்தில் வையுங்கள், அவ்வப்போது குலுக்குங்கள். தளதளவென்று கொதிக்கவிட வேண்டியதில்லை. அதிக வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் பாலிபீனாலே ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒடுக்கும் வலுவை இழக்கும். ஆறியபின் மஸ்லின் துணியில் வடித்து, அடுத்து வாட்மேன் 1 வடிதாளில் வடித்து, கடைசியாக நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிக் கனமானதை அடியில் இறக்குதல்) செய்யுங்கள். கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள் பலர். இலை நாரின் நுண்துணுக்குகள் மிதந்தால் வெள்ளி அவற்றின்மேல் படிந்து பெரிய கட்டிகளாகும். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

இப்போது செறிவை அளந்துவிடுங்கள். எடைபோட்ட கிண்ணத்தில் 10 மி.லி. சாற்றை 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை உலர்த்தி, மிஞ்சியதை எடைபோட்டால் மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். அடுத்த முறை வேறு எண் வந்தால் நீர் சேர்த்தோ சாற்றின் அளவைக் கூட்டியோ சரிசெய்யலாம். இந்த ஓர் எண்ணைக் குறித்து வைக்காததால்தான் பல செய்முறைகளை இன்னொருவரால் திரும்பச் செய்ய முடிவதில்லை.

சாற்றை 4 டிகிரியில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சர்க்கரையும் பாலிபீனாலும் மாறத் தொடங்கிவிடும். அன்றன்று செய்வதே சிறந்தது.

வெள்ளிக் கரைசல்

வெள்ளி நைட்ரேட்டின் மூலக்கூறு நிறை 169.87. 100 மி.லி. நீரில் 1 மில்லிமோலார் செய்ய 17 மில்லிகிராம் போதும். ஆனால் அந்தச் சிறு எடையைச் சாதாரணத் தராசில் நிறுத்தால் பிழை அதிகம். 0.170 கிராம் எடுத்து 100 மி.லி. அளவைக் குடுவையில் கரைத்து 10 மில்லிமோலார் இருப்பாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். பழுப்புப் பாட்டிலில், அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். எடுக்கப் பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா, கையில் நைட்ரைல் கையுறை, கண்ணில் கண்ணாடி. தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கறுக்கும், தோல் உரியும்வரை போகாது. கண்ணில் பட்டால் அது விளையாட்டல்ல.

வினை

சாற்றின் பிஹெச் 7-க்குக் கீழேதான் இருக்கும். காரத்தன்மை கூடினால் பாலிபீனால் எலக்ட்ரானை எளிதில் விடும், வினை வேகமெடுக்கும், துகள் வளரத் தொடங்கும் கருக்கள் ஒரே நேரத்தில் பல தோன்றுவதால் துகளும் பொதுவாகச் சிறிதாக வரும். அதனால் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஹெச்சை 8-க்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்ய வேண்டியது சாற்றில்தான், வெள்ளிக் கரைசலில் அல்ல. காரம் நேரடியாக வெள்ளி அயனியில் விழுந்தால் அந்த இடத்தில் பழுப்பான வெள்ளி ஆக்சைடு வீழ்படியும். பார்வைக்கு அது நானோ துகள் போலவே தெரியும். மொத்தக் கரைசலின் பிஹெச் 9-ஐத் தாண்டினாலும் இதே கதைதான்.

பிஹெச் மீட்டரின் எலக்ட்ரோடை வெள்ளிக் கரைசலில் நனைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கசிந்து கரைசலையும் கெடுக்கும். வெள்ளி குளோரைடு படிந்து எலக்ட்ரோடின் வாயும் அடைபடும். கலந்தபின் அளக்க வேண்டுமென்றால் பிஹெச் தாள் போதும். பிஹெச்சைக் குறைக்க நீர்த்த நைட்ரிக் அமிலம் மட்டுமே. பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம்: வெள்ளி பாஸ்பேட் மஞ்சளாக வீழ்படியும், முதல் கட்ட நானோ நிறமும் மஞ்சள்தான் என்பதால் ஏமாந்துபோவீர்கள்.

90 மி.லி. 1 மில்லிமோலார் கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, மேக்னெட்டிக் ஸ்டிரரில் 60 டிகிரியில் 400 சுற்று வேகத்தில் வையுங்கள். 10 மி.லி. சாற்றைப் பியூரட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் சொட்டாக விடுங்கள். குடுவையை அலுமினியத் தாளால் மூடுங்கள். வெளிச்சமும் வெள்ளியை ஒடுக்கும். வெயிலில் வைத்தால் வேகமாக நடக்கும் என்பது உண்மைதான், ஆனால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே துகளைத் தராது. வெளிர் மஞ்சள், தேன் நிறம், செம்பழுப்பு என்ற வரிசையில் நிறம் ஏறும்.

கூடவே மூன்று சிறு குடுவைகள் ஓட வேண்டும். ஒன்றில் 9 மி.லி. நீரோடு 1 மி.லி. பிஹெச் 8 சாறு. இரண்டாவதில் 9 மி.லி. வெள்ளிக் கரைசலோடு 1 மி.லி. நீர். மூன்றாவதில் அதே வெள்ளிக் கரைசலோடு, சாற்றுக்குச் சேர்த்த அளவு காரம் கலந்த 1 மி.லி. நீர். முதல் குடுவை பழுப்பானால் சாறே கறுக்கிறது. மூன்றாவது பழுப்பானால் ஆக்சைடு வருகிறது. இந்த மூன்றின் படமும், எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி-விஸ் வரைபடமும் இல்லாத ஆய்வேட்டை எழுதவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

யூவி-விஸ் சொல்வது

0, 5, 15, 30, 60 நிமிடங்களிலும் மறுநாளும் 0.5 மி.லி. எடுத்து, நீரால் பத்து மடங்கு நீர்த்து, 300 முதல் 700 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்யுங்கள். ஒப்பிட வைக்கும் பிளாங்காக வெறும் நீரை வைக்காமல், அதே அளவு நீர்த்த சாற்றை வையுங்கள். கோள வடிவ வெள்ளித் துகளின் உறிஞ்சல் உச்சி 400-க்கும் 450-க்கும் இடையில் வர வேண்டும். உச்சியே இல்லாமல் 300-லிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் கோடு என்றால் அது சாற்றின் நிறம் அல்லது ஆக்சைடு. உச்சி நேரத்தோடு உயர்ந்து இடம் மாறாமல் நின்றால் துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. வலப்பக்கம் நகர்ந்தால் துகள் பெரிதாகிறது. 550-க்கு அப்பால் நீண்ட வால் இழுத்தால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டுவிட்டன. உறிஞ்சல் 2-ஐத் தாண்டினால் கருவியின் எண்ணை நம்ப முடியாது. இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். உயரம் ஏறாமல் நின்றதும் ஹீட்டரை அணைத்துவிடலாம். "24 மணி நேரம் வைத்தோம்" என்று காரணமின்றிச் சூடேற்றிக்கொண்டிருப்பது பசுமை முறையாகாது.

கழுவுதல்

10,000 முதல் 12,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். மேல்நீரை இறுத்துத் தனிப் பாட்டிலில் சேருங்கள். அடியில் நின்றதை நல்ல நீரில் கலக்கி, 10 நிமிடம் சோனிகேட்டரில் (ஒலி அலையால் கலக்கும் கருவி) வையுங்கள். இப்படி மூன்று முறை. 4,000 சுற்றுக் கருவி மட்டும் இருக்கும் ஆய்வகத்தில் சிறு துகள்கள் இறங்கவே இறங்காது. அடியில் படிவது பெரியவையும் குப்பையும்தான். அப்படியானால் துகளைக் கழுவ டயாலிசிஸ் பை (துகளை நிறுத்தி அயனிகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) நல்ல மாற்று.

முதல் மேல்நீரில் ஒரு துளி உப்புக்கரைசல் விடுங்கள். தெளிவாக வெண்மை கலங்கினால் வினைபுரியாத வெள்ளி மிச்சமிருக்கிறது: சாறு போதவில்லை அல்லது நேரம் போதவில்லை. அடுத்த முறை சாற்றை 15 மி.லி. ஆக்கிப் பாருங்கள். கண்டபடி கூட்டினால் உறை தடித்துப் போகும்.

கிடைக்கும் எடையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 மி.லி. 1 மில்லிமோலார் கரைசலில் இருக்கும் மொத்த வெள்ளியே 9.7 மில்லிகிராம்தான். உலர்த்தியபின் 40 மில்லிகிராம் தூள் கிடைத்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. முக்கால் பங்கு சாற்றிலிருந்து வந்த இலைப்பொருள். எக்ஸ்ஆர்டிக்குத் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காணும் சோதனை) தேவையான தூளுக்குப் பொதுவாக ஒரு லிட்டர் அளவிலாவது செய்ய வேண்டியிருக்கும். உலர்த்தியதை மறுபடி நீரில் பிரிப்பது சிரமம். எனவே கிருமி எதிர்ப்புச் சோதனைக்கு வேண்டியதைக் கரைசலாகவே, 4 டிகிரியில், இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற அளவீடுகளில் சறுக்கும் இடங்கள்

எக்ஸ்ஆர்டியில் உலோக வெள்ளிக்கு 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரிகளில் உச்சிகள் வரும். 27.8, 32.2, 46.2-லும் வந்தால் அது வெள்ளி குளோரைடு. "இனம் தெரியாத உச்சி" என்று ஒதுக்கிவிடாமல் நீரையும் இலையையும் மறுபடி சோதியுங்கள். படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் உச்சியின் அகலத்தை ரேடியனில் போட வேண்டும். 38.1-ல் அகலம் 0.5 டிகிரி என்றால் 0.00873 ரேடியன், தாமிரக் கதிரின் அலைநீளமாக 0.15406 நானோமீட்டர் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 17 நானோமீட்டர். டிகிரியை அப்படியே போட்டால் விடை நானோமீட்டரில் பின்னமாக வந்து நிற்கும். இது படிகத்தின் அளவு, துகளின் அளவல்ல.

அகச்சிவப்பு ஒளியால் வேதிப் பிணைப்புகளைக் காணும் எஃப்டிஐஆரில் 1384 செ.மீ.⁻¹-ல் கூர்மையான உச்சியைக் கண்டதும் ஏதோ ஓர் இலைச் சேர்மத்தின் பெயரை எழுதிவிடுகிறார்கள். சரியாகக் கழுவாத நைட்ரேட்டும் அங்கேதான் வரும். பொட்டாசியம் புரோமைடு வில்லையில் மிச்ச வெள்ளி அயனி இருந்தால் வெள்ளி புரோமைடாகிவிடும். வில்லை இல்லாமலே அளக்கும் ஏடிஆர் இணைப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். டிஎல்எஸ் (ஒளிச் சிதறலால் அளப்பது) காட்டும் அளவு டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) அளவைவிடப் பெரிதாக இருப்பது பிழையல்ல. டிஎல்எஸ் உறையையும் சுற்றியுள்ள நீர்ப்படலத்தையும் சேர்த்து அளக்கிறது.

கிருமி எதிர்ப்புச் சோதனையில் வெறும் சாறு, அதே வெள்ளி அளவுள்ள வெள்ளி நைட்ரேட், கழுவிய துகள் மூன்றையும் ஒரே தட்டில் வையுங்கள். கழுவாத கலவையைச் சுற்றித் தெரியும், கிருமி வளராத வளையம் மிச்ச வெள்ளி அயனியின் வேலையாக இருக்கக்கூடும்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

நிறமே மாறவில்லையா? சாறு பழையது, அல்லது பிஹெச் தாழ்ந்திருக்கிறது. ஊற்றியதுமே வெண்மையா? குளோரைடு. அரை மணியில் கறுப்பு வண்டலா? சாற்றை ஒரே வீச்சில் ஊற்றியிருப்பீர்கள், அல்லது சாறு குறைவாக இருந்து உறை போதாமல் போயிருக்கும். குடுவைச் சுவரில் கண்ணாடிபோல வெள்ளி படிந்தால் குடுவை கீறல் விழுந்தது அல்லது சரியாகக் கழுவாதது. இரண்டு வாரத்தில் உச்சி தாழ்ந்தால் துகள் ஒட்டிப் படிகிறது, அல்லது காற்று பட்டு மெல்லக் கரைகிறது; பாட்டிலை நிரப்பி மூடுங்கள், நீர் சேர்ப்பதாக இருந்தால் சோதித்த நீரையே சேருங்கள்.

தங்கத்துக்கும் இதே முறைதான்: மூன்று நீர் மூலக்கூறுள்ள குளோரோஆரிக் அமிலம் 100 மி.லி.க்கு 39.4 மில்லிகிராம், உச்சி 520 முதல் 550 வரை, நிறம் ஒயின் சிவப்பு. எடுக்க இரும்பு ஸ்பேட்டுலா மட்டும் ஆகாது, அரித்துவிடும். குளோரைடு பற்றிய அச்சம் இங்கே இல்லை. இரும்புக்கு நேர்மாறான எச்சரிக்கை தேவை. தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைப் போட்டவுடன் கறுப்பது நானோ இரும்பால் என்று எழுதப்படுவதுண்டு. டானினும் இரும்பும் சேர்ந்தாலே மைபோலக் கறுக்கும். எக்ஸ்ஆர்டியும் டிஇஎம்மும் பார்க்காமல் அதை உலோகம் என்று சொல்லக்கூடாது.

கழிவு

செடியிலிருந்து வந்ததால் துகளும் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. வெள்ளி மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. இந்தக் கரைசலைக் குடிப்பதோ புண்ணில் தடவுவதோ கூடாது. உடலில் வெள்ளி சேர்ந்தால் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாகும். கழுவிய நீர், மேல்நீர், பழைய கரைசல் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் சேர்த்து, லிட்டருக்கு 0.2 கிராம் சமையல் உப்பைக் கரைத்து இருட்டில் இரண்டு நாள் விடுங்கள். அயனி வெள்ளி குளோரைடாக இறங்கும். துகள்களும் பெரும்பாலும் கொத்தாகிக் கூடவே படியும். உப்பை அள்ளிக் கொட்ட வேண்டாம். மிகையான குளோரைடில் வெள்ளி குளோரைடு ஓரளவு திரும்பக் கரையும். மேல்நீர் நிறமற்றுத் தெளிந்த பின்னும், உப்புத்துளி விட்டுக் கலங்கவில்லை என்று பார்த்த பின்னும் மட்டுமே அதை இறுத்து, கல்லூரியின் விதிப்படி வெளியேற்றுங்கள். மஞ்சள் தெரிந்தால் துகள் இன்னும் மிதக்கிறது. அது கழிவுப் பாட்டிலிலேயே இருக்கட்டும். வண்டலைப் "வெள்ளிக் கழிவு" என்று பெயரும் தேதியும் எழுதி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வடிதாளில் நின்ற இலைச்சக்கையில் வெள்ளி படவில்லை என்பதால் அது நேராக உரக்குழிக்குப் போகலாம்.